பாடல் பெறாத மல்லி

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில், லோயர் கேம்ப்பில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



'மல்லி' என்று சொன்ன அளவில் தமிழில் இரண்டு பொருள்கள் எழுகின்றன. ஒன்று கூந்தலில் ஏறுவது. மற்றொன்று குழம்பில் இறங்குவது. பூக்கடையில் "மல்லி என்ன விலை?" என்று கேட்டால் முழத்திற்கு விலை சொல்வர்; பலசரக்குக் கடையில் அதே கேள்விக்குக் கிலோவுக்கு விலை சொல்வர். மயக்கம் நேர்வதில்லை. இடம் நோக்கிப் பொருள் கொள்ளுதல் தமிழர்க்குப் பழகிப்போன இலக்கணம். ஆயினும் கவிதை என்னும் கடையில் மட்டும் எப்போது கேட்டாலும் முழம்போட்ட மல்லிதான் கிடைக்கிறது. அளந்து கொட்டும் மல்லியை அங்கே காணோம்.

கபிலரின் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது பூக்கள் தொடுக்கப்பட்டுள்ளன. முல்லை உண்டு, மௌவல் உண்டு, தளவம் உண்டு. வெண்மையும் இளஞ்சிவப்புமாகக் குடைவிரித்தாற்போலப் பூக்கும் கொத்தமல்லிப் பூ அதில் இல்லை. இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று. அது மலைச்சாரலில் தானாகப் பூப்பதன்று, விதைத்துப் பயிராக்கப்படுவது. சைவத் திருத்தலங்களைப் பாடல் பெற்றவை என்றும் பெறாதவை என்றும் பகுத்துச் சொல்வது தமிழ் மரபு. பாடல் பெறாத தலத்திலும் நாள்தோறும் பூசை நடந்துகொண்டுதான் இருக்கும். தமிழர் அடுப்படியில் மல்லியின் நிலை அதுவே.

முதலில் பெயரை நோக்கலாம். கொத்தமல்லி, கொத்துமல்லி என்னும் இரு வடிவங்களும் தமிழில் வழங்குகின்றன. கன்னடத்தில் கொத்தம்பரி; தெலுங்கில் தழைக்குக் கொத்திமீர; மலையாளத்தில் மல்லி. கடல் கடந்து சிங்களத்தில் கொத்தமல்லி என்றே நிற்கிறது. மலாயில் கெதும்பார் ஆகிறது. வடமொழியிலோ குஸ்தும்புரு. இச்சொல்லின் நடுவே ஒலிக்கும் சகரத்திற்கு இலக்கணம் கூறுவதற்கென்றே பாணினி தம் நூலில் ஒரு நூற்பா இயற்றியிருக்கிறார். ஒரு மளிகைச் சாமானுக்காக ஒரு நூற்பா! கொத்தம்பரியும் குஸ்தும்புருவும் கெதும்பாரும் ஒலியளவில் உறவினர் என்பது செவிக்கே புலப்படும். யார் யாரிடம் கடன் பெற்றார் என்ற வழக்கைத் தொடுப்பதைவிட, வணிகன் மூட்டையோடு சொல்லையும் சுமந்து சென்றான் என்று கொள்வதே பொருத்தமாகும். 'தனியா' என்பது வடக்கிலிருந்து வந்த பெயர். 'தான்யக' என்னும் வடசொல்லின் வழிவந்தது. இவற்றுக்கெல்லாம் மேலாகத் தமிழ் அகராதி பொதிந்து வைத்திருக்கும் ஒரு பெயர் உண்டு: உருளரிசி. உருண்டையான அரிசி! கண்ணால் பார்த்துக் கையால் உருட்டிப் பெயரிட்டவரின் சொல் அது. மருத்துவச் சுவடிகளோடு ஒதுங்கிவிட்ட அச்சொல்லைக் கவிஞர் யாரேனும் மீட்டெடுப்பின் மொழிக்கு நட்டம் ஒன்றுமில்லை.

இச்செடியின் தாயகம் தமிழகம் அன்று. மத்தியதரைக் கடலின் கிழக்குக் கரையும் மேற்கு ஆசியாவும் அதன் பிறப்பிடமாகக் கருதப்படுகின்றன. 1922-இல் திறக்கப்பட்ட எகிப்திய மன்னன் துட்டன்காமனின் கல்லறையில், பொன்முகமூடியோடும் தேரோடும் கொத்தமல்லி விதையும் கிடைத்தது. மறுமையிலும் மன்னனுக்குக் குழம்பு வேண்டுமே என்று எண்ணிய சமையற்காரனின் பரிவு போலும்! 1952-இல் மைக்கேல் வென்ட்ரிஸ் படித்தறிந்த பண்டைக் கிரேக்கக் களிமண் பலகைகளில் அரண்மனைச் சரக்குப் பட்டியல்கள் இருந்தன. அவற்றிலும் கொத்தமல்லி உண்டு. இன்றைக்கு மூவாயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முற்பட்ட பலசரக்குச் சீட்டு அது.

கவிஞர்கள் கருத வேண்டிய சான்று விவிலியத்தில் இருக்கிறது. பாலைவழி நடந்த மக்களுக்கு வானிலிருந்து பொழிந்த மன்னா என்னும் உணவு எப்படியிருந்தது என்று சொல்ல யாத்திராகமம் எடுத்துக்கொண்ட உவமை கொத்தமல்லி விதை. வானுலகப் பொருளை விளக்க முத்தையோ மணியையோ நாடாமல், கேட்போர் அனைவரும் கையில் அள்ளிப் பழகிய ஒன்றை அந்நூல் நாடியது. தெரியாததைத் தெரிந்ததைக் கொண்டு விளக்குவதே உவமை என்னும் விதிக்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு அரிது.

இனித் தமிழ்ப் பரப்பிற்கு வருவோம். சங்க இலக்கியத்தில் மிளகுக்குக் 'கறி' என்று பெயர். பட்டினப்பாலையின் புகார்த் துறையில் மிளகு மூட்டை மூட்டையாக வந்து குவிகிறது. இஞ்சி உண்டு, மஞ்சள் உண்டு, ஐயவி என்னும் வெண்கடுகு உண்டு. தாளிப்பின் மணத்திற்குக் 'குய்' என்றொரு சொல்லே இருந்தது. எண்ணெயில் கடுகு விழும் ஓசையும் அதில் கேட்கிறது. அந்தக் குய்யின் புகை ஒரு புதுமணப் பெண்ணின் கண்களில் படிவதைக் குறுந்தொகையின் 167-ஆம் பாடல் காட்டுகிறது. முற்றிய தயிரைப் பிசைந்த விரலோடு, கழுவக்கூட நேரமின்றி, தானே துழாவிச் சமைத்த புளிக்குழம்பைக் கணவன் சுவைத்து உண்கிறான். அவள் முகம் சிறிதே மலர்கிறது. தமிழ்க் கவிதையில் அடுப்படிக்குள் நுழைந்து பார்த்த பாட்டு அது. பாடியவர் கூடலூர் கிழார்.

லோயர் கேம்ப்பிலிருந்து கம்பம் செல்லும் சாலையில் முதலில் வரும் ஊரும் கூடலூர்தான். பெயர் ஒற்றுமை கண்டு அப்புலவரை இப்பள்ளத்தாக்கிற்கே உரியவராக்கிவிடும் ஆர்வம் வட்டார அன்பர் சிலரிடம் காணப்படுகிறது. கூடல் என்னும் பெயர் கொண்ட ஊர்கள் தமிழ்நிலத்தில் பல. சேர மன்னனொருவனின் மறைவுக்கு வருந்திப் பாடியவர் என்ற அளவில் மேற்கு மலையோடு அவருக்குத் தொடர்பு உண்டு. அதற்குமேல் உரிமை கொண்டாட ஆராய்ச்சி இடம் தராது. ஊர் எதுவாயினும், சமைக்கும் பெண்ணின் கண்ணில் படிந்த புகையைப் பாடத்தக்க பொருளாக அவர் கருதினார் என்பதே இங்கு வேண்டப்படுவது. அந்த வழியில் பின்னர் நடந்தோர் மிகச் சிலரே.

மிளகாய் பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுகீசியரோடு இந்தியாவிற்குள் வந்த அமெரிக்கச் செடி. வந்தேறிக்குத் தமிழர் மிளகின் பெயரையே ஒட்டவைத்து 'மிளகாய்' என்றனர். காரத்தின் அரியணை கைமாறிய அந்த மாற்றத்தில் மல்லி இடம்பெயரவில்லை. மிளகோடு இருந்த அதே இடத்தில் மிளகாயோடும் இருந்தது. இதற்குக் காரணம் உண்டு. சீரகம், சோம்பு, ஓமம் ஆகியனவும் மல்லியின் குடும்பத்துச் செடிகளே. பெருங்காயமும் அக்குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் அவையெல்லாம் மணத்திற்காகச் சிறிதளவே சேர்வன. சீரகத்தைக் கைப்பிடி கைப்பிடியாக அரைத்துவிட்டால் குழம்பு கசாயமாகிவிடும். மல்லியை அப்படி அரைக்கலாம். மிளகாய் ஒரு பங்கு என்றால் மல்லி இரு பங்கு என்பது பரவலான கணக்கு. அதன் தோலில் உள்ள நார், கொதிக்கையில் நீரை ஏற்றுப் பருக்கிறது, குழம்பு தடிக்கிறது. மிளகாயின் காரத்தைப் பரப்பித் தணிப்பதும், புளியின் கூர்மையை மழுங்கச் செய்வதும் அதுவே. ஆக, மல்லி குழம்பின் வாசனை மட்டும் அன்று, குழம்பின் உடம்பு. தேங்காயும் பருப்பும் வாங்க இயலாத வீட்டில் குழம்பைக் குழம்பாக நிறுத்துவது அந்த உடம்புதான்.

வறுப்பதில் இருக்கிறது அதன் நுட்பம். பச்சை மல்லிவிதையின் மணம் பெரும்பாலும் லினலூல் என்னும் எண்ணெய்ப் பொருளால் ஆனது, எலுமிச்சையின் சாயல் கொண்டது, எளிதில் ஆவியாவது. இளஞ்சூட்டில் வறுபடும்போது அச்சாயல் குறைந்து, கடலையை வறுத்தாற்போன்ற புதியதொரு மணம் பிறக்கிறது. மதுரை, தேனிப் பகுதிக் கறிக்குழம்பின் அடிமணம் இதுவே. ஒரு நொடி தாமதித்தால் கருகிக் கசக்கும். 'பொன்னிறம்' என்று சமையல் நூல்கள் எழுதுகின்றன. மல்லி முன்னமே பொன்னிறந்தான். ஆதலின் கைதேர்ந்தவர் நிறத்தை நம்புவதில்லை. சட்டியிலிருந்து எழும் வாசம் மாறும் கணத்தையே நம்புகின்றனர். ஏட்டில் எழுத இயலாத இவ்வறிவுக்குத் தமிழில் 'கைப்பக்குவம்' என்று பெயர். உண்மையில் அது மூக்குப் பக்குவம்.

கேட்போர் இங்கே ஒரு வினா எழுப்பலாம்: லோயர் கேம்ப்பிற்கும் மல்லிக்கும் என்ன தொடர்பு? இம்மண்ணில் அது பெருமளவு விளைவதில்லையே? மெய்தான். இது நீர் பெற்ற நிலம். 1895-இல் பென்னிகுயிக் கட்டி முடித்த பெரியாற்று அணையின் நீர் மலையைக் குடைந்து வந்து, இரும்புக் குழாய்களில் இறங்கி, இங்குள்ள மின்நிலையத்தைச் சுழற்றிவிட்டுப் பள்ளத்தாக்கை நனைக்கிறது. நீர் பெற்ற நிலம் நெல்லையும் தென்னையையும், 2023-இல் புவிசார் குறியீடு பெற்ற பன்னீர்த் திராட்சையையும் விளைவிக்கிறது. விதைக்கான மல்லியோ நீர் பெறாத நிலத்தின் பயிர். விளாத்திகுளம், கோவில்பட்டி, அருப்புக்கோட்டை வட்டாரங்களின் கரிசலில், ஐப்பசி மழையின் ஈரத்தை நம்பிப் பருத்தியோடு ஊடுபயிராக விதைக்கப்படுவது. மல்லி 'விதை' என்று வழங்குவது தாவரவியலின்படி ஒரு கனி. இரு பாதிகள் ஒட்டிய கனி. அதைத் தேய்த்து இரண்டாகப் பிளந்தே விதைக்க வேண்டும். மழைக்குப்பின் மார்கழிப் பனியைக் குடித்தே வளரும். காய் உதிராதிருக்க அதிகாலைப் பனிப்பதத்தில் பிடுங்கிக் களம் சேர்ப்பர். வானம் பொய்த்தால் மல்லியும் பொய்க்கும். இன்று நாட்டின் மல்லியில் பெரும்பகுதி மத்தியப் பிரதேசம், குஜராத், ராஜஸ்தான் மாநிலங்களில் விளைகிறது. தேனியின் கடைக்கு வரும் மூட்டையும் கோட்டா மாவட்டத்து ராம்கஞ்ச் மண்டியைப் பார்த்து வந்ததாக இருக்கக்கூடும்.

லோயர் கேம்ப் மல்லி விளையும் ஊர் அன்று. அது மல்லி மலையேறும் வழி. கனமழை பெய்யும் மேற்குச் சரிவில் இப்பயிர் நிலைப்பதில்லை. அங்கோ தீயலுக்கும் மீன்கறிக்கும் மல்லியின்றி ஆகாது. எனவே கீழ்நாட்டுக் காய்கறியோடும் தழையோடும் மல்லியும் குமுளி மலைச்சாலையில் ஏறுகிறது. எல்லைச் சாவடியைக் கடந்தால் எழுத்து மாறுகிறது, பேச்சு மாறுகிறது. மல்லி என்ற பெயர் மட்டும் மாறுவதில்லை. 2011 டிசம்பரில் அணைச் சிக்கல் முற்றிக் குமுளிப் பாதை அடைபட்டபோது காய்கறி வண்டிகள் மேலே ஏறவில்லை. தோட்ட வேலைக்குச் செல்லும் பெண்களும் ஏறவில்லை. மேலே குழம்புக்குச் சரக்கில்லை. கீழே உலைக்குக் கூலியில்லை. ஒரு சாலை அடைபட்டதில் இருபக்கத்து அடுப்புகளும் அணைந்த நாள்கள் அவை.

அப்பெண்களைப் பற்றிச் சொல்லாமல் இப்பள்ளத்தாக்கின் நறுமணப் பொருள்களைப் பற்றிச் சொல்வது முழுமையாகாது. விடியுமுன் ஜீப்பில் நெருக்கி அமர்ந்து குமுளி வழியாகவும் கம்பம் மெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்து ஏலத்தோட்டங்களுக்குச் சென்று, இருட்டும் வேளையில் திரும்புவோர் அவர்கள். ஏலச்செடியின் காய் தண்டின் உச்சியில் இல்லை. தூரில், நிலத்தை ஒட்டிப் படரும் கொத்தில் இருக்கிறது. குனிந்தும் குந்தியும்தான் அதைப் பறிக்க இயலும். அட்டை கடிக்கும், மழை விடாது. பறித்த காய் உலர்த்தப்பட்டுப் போடிநாயக்கனூரிலும் புத்தடியிலும் ஏலத்திற்கு வருகிறது. ஏலக்காயை ஏலம் விடுகிறார்கள். இருபொருள் ஒருசொல் விளையாட்டில் மனம் தோய்வோர்க்கு இது நல்ல விருந்து. 2019 ஆகஸ்டில் ஏலக்காயின் விலை ஒரு கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. மல்லி அவ்வாண்டு அதில் முப்பதில் ஒரு பங்கைக்கூட எட்டவில்லை. உலகின் விலையுயர்ந்த நறுமணப் பொருள்களுள் ஒன்றை நாளெல்லாம் பறித்த கை, இரவில் தன் வீட்டுச் சட்டியில் இடுவது மல்லியை. ஏலத்தின் மணம் சேலையில் மட்டும் ஒட்டிக்கொண்டு வரும், குழம்பில் இறங்காது.

இந்த இடத்தில் இலக்கிய உலகம் வழக்கமாகப் பாடும் ஒரு புலம்பலை மறுத்தாக வேண்டியிருக்கிறது. அம்மி போயிற்று, உரல் போயிற்று, அரைத்த மல்லியின் மணம் போயிற்று, பொட்டலத்தூள் வந்து சமையலைக் கெடுத்தது என்று எழுதப்பட்ட கவிதைகளும் கட்டுரைகளும் குறைவில்லை. பெரும்பாலும் அம்மியில் ஒருநாளும் அரைத்தறியாதோர் எழுதியவை அவை. அம்மியில் மல்லியை அரைப்பது எளிதன்று. உருளரிசி அல்லவா? உருண்டோடும். நீர் தெளித்துத் தெளித்து மடக்கிக் கொண்டுவர வேண்டும். தோல் நைய நேரமாகும். நறநறப்புப் போகாவிடில் உண்போர் முகம் சுளிப்பர். நான்கு பேருக்கான குழம்புக்கு அரைத்து வழிப்பதற்குள் தோளும் இடுப்பும் சோரும். விடியுமுன் ஜீப்பைப் பிடிக்க வேண்டிய பெண்ணுக்கு மாவு மில்லில் திரித்துவைத்த தூளும், பின்னர் வந்த பொட்டலமும் கொடுத்தது அரைமணி நேர உறக்கம். அந்த உறக்கத்தை நட்டக் கணக்கில் எழுதுவது நியாயமாகாது.

பொட்டலத்தால் இழப்பே இல்லை என்பதும் அன்று. தூளாக்கிய மல்லி நாளுக்கு நாள் மணம் இழக்கும். கலப்படம் கண்ணுக்குத் தெரியாது. முழு மல்லியைக் கையிலெடுத்து ஊதி, கசக்கி முகர்ந்து, பழையதா புதியதா என்று கடைக்காரனிடம் வாதிட்ட அறிவு ஒரு தலைமுறையில் மங்கிவருகிறது. மணமும் உறக்கமும் ஆகிய இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்துப் பார்த்த கவிதை தமிழுக்கு வேண்டும். எது தாழ்கிறது என்று முன்கூட்டியே தீர்ப்பெழுதிவிட்டுப் பாடத் தொடங்குவதுதான் பிழை.

தழையைப் பற்றிச் சில சொற்கள். விதையின் மணமும் தழையின் மணமும் ஒரே செடியினுடையவை என்று நம்புவது கடினம். தழையின் மணத்திற்குக் காரணம் ஆல்டிஹைடு வகைப் பொருள்கள். மூட்டைப்பூச்சி வகைப் பூச்சிகள் வெளிவிடும் நாற்றத்திலும் அவ்வகைப் பொருள்கள் உண்டு. செடியின் கிரேக்கப் பெயரே மூட்டைப்பூச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது என்று கூறுவாரும் உளர். சிலருக்குத் தழை சோப்பைப் போலச் சுவைப்பதற்கு மரபணு வேறுபாடு ஒரு காரணம் என்று 2012-இல் வெளிவந்த ஆய்வொன்று காட்டியது. தமிழ்நாட்டில் அவ்வாறு முறையிடுவோர் அரியர். இங்குத் துவையலாகவும் தொக்காகவும் இரசத்தின் தலையில் தூவும் பச்சையாகவும் அது வாழ்கிறது. காய் வாங்கினால் கறிவேப்பிலையோடு கொசுறாக வருவதும் அதுவே. விலையின்றி வருவதற்கு மதிப்பு இல்லை என்பது பொருளியல். கொசுறு தராத கடைக்கு மறுநாள் போகாதது தமிழ்ப் பெண்களின் பொருளியல். தழை விலையேறும் மழைக்காலத்தில் கொசுறு நின்றுபோகும்போது எழும் மனத்தாங்கல், கொடுக்கல் வாங்கலில் விலைக்கு அப்பாலும் ஒன்று இருந்ததைக் காட்டுகிறது.

மருந்தாகவும் மல்லி வாழ்கிறது. பித்தம் தணிக்கும் என்பது சித்த மருத்துவக் கொள்கை. இலங்கையில் சளிக்கும் காய்ச்சலுக்கும் கொத்தமல்லியை அவித்துக் குடிப்பது தமிழர், சிங்களவர் என்ற வேறுபாடின்றி வழங்கும் கைவைத்தியம். 2020-இன் பெருந்தொற்றுக் காலத்தில் அவ்வழக்கம் வீட்டுக்கு வீடு பெருகியது. இருவர் மொழியிலும் ஒரே பெயர் கொண்ட அந்தக் கோப்பையைப் பற்றி ஈழத்துக் கவிஞர் யாரேனும் எழுதின் நன்று. தமிழகத்தில் அதன் உடன்பிறப்பு சுக்குமல்லிக் காப்பி. காப்பிக்கொட்டை ஒரு துளியும் சேராத காப்பி அது! சுக்கும் மல்லியும் கருப்பட்டியும் கொதித்த நீருக்கு வந்தேறிப் பானத்தின் பெயரைச் சூட்டியது, மிளகாய்க்குச் செய்ததன் மறுதலை. அங்கே புதியதற்குப் பழைய பெயர். இங்கே பழையதற்குப் புதிய பெயர்.

கவிஞர் பெருமக்களே! மாலையில் குமுளிச் சாலையின் கடைசி வளைவைக் கடந்து ஜீப்புகள் லோயர் கேம்ப்பில் வந்து நிற்கும். தூக்குவாளிகளோடு பெண்கள் இறங்குவர். நகக்கண்களில் ஏலக்காய்ச் சாற்றின் கறை இருக்கும். சிறிது நேரத்தில் தெருவில் முதலில் ஒரு வீட்டிலும் பின்னர் அடுத்தடுத்த வீடுகளிலும் மல்லி வறுபடத் தொடங்கும். பொட்டலத்தூள் அலமாரியில் இருக்கவே செய்கிறது. ஆயினும் மறுநாள் விடுமுறை என்றால் வறுத்து அரைப்பவர் இன்னும் இருக்கின்றனர். உள்ளே துணி மடித்துக்கொண்டோ, பிள்ளையின் பாடத்தைக் கேட்டுக்கொண்டோ இருக்கும் பெண், வாசம் மாறிய அந்தக் கணத்தில் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு எழுந்துபோய்ச் சட்டியை இறக்குகிறாள்.